டிராக்டர் இன்ஜின் வேலை: பிஸ்டன், கனெக்டிங் ராடு திசை மாறாமல் கோர்ப்பது எப்படி?

டிராக்டர் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்றால் இன்ஜினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் மாற்றுவது வழக்கம். உதிரிபாகம், லேத் வேலை, கூலி என்று பெரிய தொகை செலவழித்த பிறகும் சில வண்டிகள் உழவு நேரத்தில் பேரிங் பிடித்து நின்றுவிடும். உடனே பாகம் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். ஆனால், நல்ல பாகத்தையே திசை மாற்றிக் கோர்த்திருந்தாலும் இதே கதிதான்.

ராடும் கேப்பும் ஒரே ஜோடி

கனெக்டிங் ராடின் பெரிய முனையைக் கேப்போடு சேர்த்து முடுக்கிய பிறகே உள் வட்டத்தைக் கடைகிறார்கள். ஆகவே ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்குப் பொருந்தாது. அதே கேப்பைத் திருப்பிப் போட்டாலும் வட்டம் கெட்டுவிடும். பேரிங் ஓரிடத்தில் இறுகி, ஆயில் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். இதற்காகவே ராடிலும் கேப்பிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து வர வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் மேல், கீழ் செல் பேரிங்குகளின் நாக்குகளும் ஒரே பக்கமாகச் சேரும்.

வெட்டாமல், உடைத்தே பிரித்த கேப் உள்ள இன்ஜின்களும் உண்டு. அதன் சொரசொரப்பான முகம் ஒரே ஒரு விதத்தில்தான் பொருந்தும். அதை அரம் போட்டுத் தேய்க்கக் கூடாது. முகம் கீழே படும்படி தரையில் வைக்கவும் கூடாது.

அம்புக்குறி எந்தப் பக்கம்?

இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். டிராக்டர் டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் தலையிலுள்ள அம்பு அல்லது குறி பெரும்பாலும் இன்ஜினின் முன்பக்கத்தை, அதாவது ரேடியேட்டர் பக்கத்தைப் பார்க்கும். களையெடுக்கும் கருவி, சிறிய பம்புசெட் ஆகியவற்றில் வரும் சில 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களில் அது புஷ் ராடு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். 2 ஸ்ட்ரோக் விசைத்தெளிப்பானிலும் புல்வெட்டியிலும் பொதுவாக சைலன்சர் பக்கம். அங்கே மாற்றிப் போட்டால் ரிங் முனை சிலிண்டர் துவாரத்தில் மாட்டி உடையும். எனவே ஒரு இன்ஜினில் கற்றதை இன்னொன்றில் அப்படியே செய்யாமல், அந்தந்த மாடலின் பணிமனைக் கையேட்டைப் பாருங்கள்.

டீசல் பிஸ்டன் தலையில் உள்ள குழி பல மாடல்களில் நடுவில் இருக்காது; இன்ஜெக்டர் பீய்ச்சும் இடத்துக்கு நேராகத் தள்ளியிருக்கும். திசை மாறினால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வரும். வால்வுக்கான பள்ளம் இடம் மாறினால் வால்வே வளையலாம். பின் துளையும் சில பிஸ்டன்களில் நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மாற்றிப் போட்டால் தட்டும் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

தவறு நடப்பது மேசையில்

பிஸ்டனை ராடோடு பின் போட்டு இணைக்கும்போது இரண்டின் திசையும் சேர்ந்து சரியாக இருக்க வேண்டும். அங்கே தலைகீழானால், அம்பை முன்னே வைத்தால் ராடு பின்னே போகும். ராடைத் திருத்தினால் அம்பு தவறும். பெரிய முனை சாய்வாக வெட்டப்பட்ட ராடுகளில் இது இன்னும் முக்கியம். அந்தச் சாய்வு கேம் ஷாப்ட் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ராடில் ஆயில் துளை இருந்தால், பேரிங் துளையும் அதற்கு நேராக வர வேண்டும்.

இதற்கெல்லாம் எளிய வழி, கழற்றும் முன்பே குறித்துக்கொள்வது. ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் எண்ணையும் முன்பக்கத்தையும் பெயிண்டால் எழுதி, செல்போனில் படம் எடுங்கள். கழற்றியதும் கேப்பை அதன் ராடிலேயே மாட்டி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிப் பட்டறைக்கு அனுப்பும் பழக்கம் வேண்டாம். அம்பு இல்லாத பழைய பம்புசெட் பிஸ்டனுக்கு நீங்கள் போட்ட குறிதான் ஒரே சாட்சி. புது பிஸ்டன் வந்ததும் பழையதன் பக்கத்தில் வைத்து, குழியின் வடிவம், பள்ளம், உயரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று சிலிண்டருக்குமான பழைய பிஸ்டன்களை வேலை முடியும்வரை எடைக்குப் போடாதீர்கள்.

ரிங்குகளில் எழுத்து அல்லது குறி உள்ள பக்கம் மேலே. அவற்றின் வெட்டு வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

ஒவ்வொரு கேப்பையும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கியதும், அந்த ராடைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சற்றே நகர வேண்டும். பிறகு கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். புது ரிங்கின் சீரான இறுக்கம் இருக்கும்; ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ஸ்டார்ட்டர் போட வேண்டாம். கடைசியாக முடுக்கிய கேப்பைத் தளர்த்திச் சுற்றுங்கள். பிடிப்பு விட்டுவிட்டால் தவறு அந்த ராடில்தான். ஒவ்வொரு கேப் முடுக்கியதும் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனால், சம்ப் மாட்டுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.