மலையடிவாரத்து மாடி வீடு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கான் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மலைச்சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீரை மெல்ல நடத்திக் கொண்டுபோய் ஓடையில் சேர்ப்பதற்குத்தான் கான் என்று பெயர். என் தந்தையார் பல ஆண்டுகள் கான் வெட்டியவர். "செடி நடுமுன் தண்ணீருக்கு வழி காட்டு" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் சொல். அந்தப் பாடத்தை மறந்து எழுப்பிய ஒரு கட்டடத்தின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் மாடி வீடு வாங்குகிறார்கள். இங்கே தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும்கூட அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆகவே இது நமக்கும் வேண்டிய வரலாறு.

கோலாலம்பூர் 1972-ஆம் ஆண்டில் மாநகரம் ஆனது. 1974-இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. வேலை தேடி வந்த மக்களால் நகரம் நிரம்பியது. நிலத்தின் விலை ஏறியது. இடம் போதாதபோது கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. நகரத்தைச் சூழ்ந்த குன்றுகளின் மீதும் ஏறின. நல்ல காற்று, பசுமையான காட்சி, நகரத்துக்கு அருகாமை என்று வசதி உள்ளவர்கள் குன்றின் பக்கம் வீடு தேடினார்கள்.

அப்படி எழுந்ததுதான் 'ஹைலண்ட் டவர்ஸ்' எனும் குடியிருப்பு. சிலாங்கூர் மாநிலத்தின் உலு கிளாங் வட்டாரத்தில், தாமான் ஹில்வியூவில், செங்குத்தான குன்றின் அடியில் அதைக் கட்டினார்கள். 1970-களின் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை, 1980-களின் தொடக்கம் வரை நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் 12 மாடி உயரம்.

கட்டடம் எப்படி எழுந்தது என்று படிப்படியாகப் பார்ப்போம். முதலில் சரிவை வெட்டிச் சமப்படுத்தினார்கள். பின்னால் இருந்த குன்றைப் படிப்படியான தட்டுகளாக அமைத்து, மண் இறங்காதிருக்கத் தாங்குசுவர்கள் எழுப்பினார்கள். அந்தக் குன்றில் இயற்கையாக ஓடிய ஓர் ஓடை இருந்தது. அதைக் குழாய்களின் வழியாகத் திருப்பிவிட்டார்கள். முதல் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இரயில் தண்டவாள இரும்புகளைத் தூண்களாகப் பூமிக்குள் இறக்கி, அவற்றின்மேல் மாடிகளை ஏற்றினார்கள்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். தரையில் ஊன்றிய ஒரு கம்பத்தின் தலையில் பாரத்தை வைத்தால் அது தாங்கும். அதே கம்பத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். அந்த இரும்புத் தூண்கள் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமந்தன. மலை பக்கவாட்டில் வந்து தள்ளினால் அதைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. மலை தள்ளாது என்ற நம்பிக்கையில்தான் 12 மாடியும் நின்றது.

மலை ஏன் தள்ளுகிறது? கொழுந்து பறிக்கும் நம் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். வெயில் நாளில் பறித்த கொழுந்துக்கும் மழை நாளில் பறித்த கொழுந்துக்கும் கூடையில் எவ்வளவு பார வித்தியாசம்! மண்ணும் அப்படித்தான். நீரைக் குடித்த மண்ணுக்குப் பாரம் கூடும். அதே நேரத்தில் மண்துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை விலக்குவதால் மண்ணின் பிடிப்பும் தளர்ந்துபோகும். பாரம் கூடிப் பிடிப்புக் குறைந்தால் மண் கீழ்நோக்கி நகரும். தாங்குசுவருக்குப் பின்னால் தேங்கிய நீர் வெளியேற வழி இல்லாவிட்டால், சுவர் மண்ணோடு நீரையும் சேர்த்துத் தாங்கவேண்டியதாகிறது.

1991-ஆம் ஆண்டில் அந்தக் குடியிருப்புக்கு மேலே உள்ள குன்றில் புதிய வீடமைப்பு வேலை தொடங்கியது. மரங்களை வெட்டி நிலத்தைத் திறந்தார்கள். மரம் இருந்தவரை வேரும் இலையும் மழையைத் தடுத்துத் தாமதப்படுத்தின. மரம் போன பிறகு, மழைநீர் மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு கீழே இறங்கியது. ஓடையைத் திருப்பிய குழாய்களும் வடிகால்களும் அந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. குழாய்கள் உடைந்தன. ஓடையில் சேரவேண்டிய தண்ணீர் சரிவுக்குள் ஊறியது.

1993 டிசம்பர் மாதம் பள்ளி விடுமுறைக் காலம். சுமார் பத்து நாட்கள் விடாமல் மழை பெய்தது. அதற்கு முன்னரே குடியிருப்பைச் சுற்றியிருந்த பாதையில் வெடிப்புகள் தோன்றி விரியத் தொடங்கியிருந்தன. டிசம்பர் 11, சனிக்கிழமை. பகல் சுமார் ஒன்றரை மணி. பலர் வீட்டில் இருந்த நேரம். பின்னால் இருந்த உயர்ந்த தாங்குசுவர் சரிந்தது. அடிமண் நகர்ந்ததும் அதற்கு மேலிருந்த மண் ஆதாரம் இழந்து இறங்கியது. அதற்கும் மேலிருந்தது அதைத் தொடர்ந்தது. அடுக்கிய மூட்டைகளில் அடிமூட்டையை உருவினால் மேல்மூட்டைகள் வரிசையாக இறங்குவது போல, சரிவு கீழிருந்து மேல்நோக்கி ஏறியது. அந்த மண் அனைத்தும் முதல் கட்டடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. தூண்கள் நிலைகுலைந்தன. 12 மாடிக் கட்டடம் சாய்ந்து விழுந்தது.

48 பேர் உயிரிழந்தனர். இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்கள் மூவர்; அவர்களிலும் ஒருவர் பின்னர் இறந்தார். ஓர் இல்லப் பணிப்பெண்ணும் அவருடைய சிறு மகளுமே பிழைத்தார்கள். நம் மீட்புப் படையினரோடு வெளிநாட்டுக் குழுக்களும் வந்து பல நாட்கள் தேடின. இத்தகைய பேரிடருக்குத் தனிப் பயிற்சி பெற்ற குழு வேண்டும் என்று அரசாங்கம் உணர்ந்தது. 'ஸ்மார்ட்' எனும் தேடி மீட்கும் சிறப்புக் குழு 1994-இல் உருவாக அத்துயரமே காரணமாயிற்று.

எஞ்சிய இரண்டு கட்டடங்களின் குடும்பங்களும் வெளியேறின. அவர்களுடைய வீடுகள் இடியவில்லை; ஆனால் குடியிருக்கவும் முடியவில்லை. காலியான அந்த மாடிகள் பல ஆண்டுகள் செடிகொடி படர்ந்து நின்றன. வீட்டை இழந்தவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், கட்டடத்தை எழுப்பியவர்கள், அதற்குப் பொறுப்பாயிருந்த பொறியாளர், அண்டை நிலத்துக்காரர்கள் முதலிய பலர்மீது பொறுப்பைச் சுமத்தியது. உள்ளாட்சி மன்றம் நட்டஈடு தரவேண்டுமா என்ற வழக்கு மேலும் நீடித்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் அந்த மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதால் அது தரவேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஒன்றை நினைவில் வையுங்கள். கட்டடம் விழுந்த நாளிலிருந்து வழக்கு முடிவதற்கு 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தீர்ப்பு எதுவானாலும் இறந்தவர் மீண்டு வரவில்லை. ஆகவே வீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கேள்வி கேட்பதுதான் அறிவு.

இது ஒரே ஓர் இடத்தில் முடிந்த கதையும் அன்று. 2008 டிசம்பரில் அதே வட்டாரத்துப் புக்கிட் அந்தாராபங்சாவில் நிலம் சரிந்து வீடுகள் புதைந்தன. 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங்காலி அருகே முகாமிட்டிருந்தவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். நம் கேமரன் மலையிலும், 2011 ஆகஸ்டு 7-ஆம் நாள் பிரிஞ்சாங்கிற்கு அருகிலுள்ள கம்போங் சுங்கை ரூயிலில் நிலச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மாடி வீடு பார்க்கப் போகும் பிள்ளைகளிடம், வரவேற்பறையை மட்டும் பார்க்காமல் கட்டடத்தின் பின்புறமும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் குன்று இருக்கிறதா? மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது? தாங்குசுவரில் நீர் வடியும் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா, அடைத்துக்கொண்டனவா? வடிகாலைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யாருடையது? மழைக்குப் பின் ஒருமுறை போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

நம் லயத்து வீடுகளுக்கும் இதே கவனம் வேண்டும். அடுப்படியை நீட்டுவதற்காக வீட்டின் பின்புறத்து மண்மேட்டை வெட்டாதீர்கள். மேட்டின் கால் அதுதான். கானில் குப்பை கொட்டாதீர்கள். தரையில் புது வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாய்ந்து நின்றாலோ, மேட்டிலிருந்து கலங்கல் நீர் ஊற்றெடுத்தாலோ, நேற்றுவரை நன்றாக மூடிய கதவு இன்று இறுகிக்கொண்டாலோ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பிறகு தோட்ட அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் தெரிவியுங்கள். பொருள்களை எடுக்கத் திரும்பிப் போகவேண்டாம்.

என் தந்தையார் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்லர். ஆனால் மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு, மழையில் நனைந்தபடியே கான் கானாகப் பார்த்து வருவார். அடைப்பு இருந்தால் அப்போதே எடுப்பார். "மழை விட்டதும் செய்யலாமே" என்று நான் ஒருநாள் கேட்டேன். "மழை விட்ட பிறகு கானுக்கு என்ன வேலை?" என்றார். வீடு கட்டுவோரும் வாங்குவோரும் அந்தக் கேள்வியைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.