நெய்யூர் மருத்துவரும் அடைபட்ட மூச்சும்

1956-இல் மாநில எல்லை குறுக்கிடும் வரை இன்று கேரளத்திலுள்ள வெள்ளறடையும் தமிழ்நாட்டிலுள்ள நெய்யூரும் ஒரே திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தன. 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய நெய்யூரில், 1920களில் அறுவை மருத்துவராகச் சேர்ந்த தியடோர் ஹோவர்ட் சாமர்வெல், 1924 ஜூனில் எவரெஸ்டிலிருந்து இறங்குகையில், உறைகுளிரில் நைந்த தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து மூச்சுவழியை அடைக்கவே, மார்பை இரு கைகளாலும் அழுத்தி, இருமி அதை வெளியேற்றி உயிர் தப்பினார். உதவி எட்டாத உயரத்தில் அவருக்கு வேறு வழியில்லை; நமக்கோ உதவியை அழைக்க வழி உண்டு. மூச்சுக்குழாய்கள் சுருங்கும் ஆஸ்துமா, நுரையீரலின் காற்றறைகளில் நீரோ சீழோ தேங்கும் நிமோனியா, இதயச் செயலிழப்பு, இரத்தசோகை ஆகியவற்றாலும் மூச்சுத்திணறல் வரும் என்பதால், அது திடீரெனத் தொடங்கினாலோ, நெஞ்சுவலி சேர்ந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, எல்லையின் எப்புறத்தில் வாழ்பவரும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.