பாறைச் சித்திரமும் சுவர்க் கிறுக்கலும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. உடலைப் பேணுதல் வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் இம்மொழியை, அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு ஆராய வேண்டிய இடம் ஒன்று கிந்தாப் பள்ளத்தாக்கில் உண்டு. லகாட்டிலிருந்து புறப்பட்டு ஈப்போ நகரைக் கடந்து வடகிழக்கே சென்றால் தம்புன் வட்டாரம் வரும். அங்குள்ள சுண்ணாம்புக் குன்றொன்றின் செங்குத்தான பாறை முகப்பே 'குவா தம்புன்' எனப்படும் தம்புன் குகை. குகை என்று பெயர் பெற்றிருப்பினும், அது மழையும் வெயிலும் நேரே படாதவாறு மேற்பாறை கவிந்து நிற்கும் திறந்த ஒதுக்கிடமேயாகும்.

1948 முதல் 1960 வரை நடைமுறையிலிருந்த அவசர காலத்தின் இறுதிக் கட்டம் அது. கம்யூனிஸ்டுப் போராளிகளைத் தேடிச் சுற்றிவந்த கூர்க்காப் படைப்பிரிவின் அதிகாரி லெப்டினன்ட் ரோலிங்ஸ், 1959ஆம் ஆண்டில் இப்பாறையில் செந்நிற உருவங்கள் இருப்பதைக் கண்டு வெளியுலகிற்கு அறிவித்தார். மான், காட்டுப்பன்றி, ஆமை, மனித உருவங்கள், இன்னவென்று உறுதியாகக் கூறவியலாத வடிவங்கள் எனப் பலவும் அங்கே காணப்படுகின்றன. அவற்றுள் கடற்பசு என்று ஆய்வாளர் கருதும் உருவம் வியப்பிற்குரியது. கடலுக்கு இத்துணைத் தொலைவில், உள்நாட்டுப் பாறையொன்றில் கடல்வாழ் உயிர் வரையப்பட்டிருப்பதன் காரணம் யாது? ஒரு காலத்தில் கடல் மட்டம் உயர்ந்து, கடற்கரை இன்றைக்கினும் உள்ளே தள்ளி இருந்தது என்னும் கருத்தோடு இதனை இணைத்துப் பார்ப்போர் உளர்.

தொடக்கத்தில் சில டஜன் உருவங்களே இங்கு உள்ளனவென எண்ணப்பட்டது. பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நோயல் தான், ஸ்டீபன் சியா ஆகியோர் 2010ஆம் ஆண்டை ஒட்டிச் செய்த ஆய்வில் 600க்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவு செய்யப்பட்டன. கண்ணுக்குப் புலனாகாது மங்கிப்போனவற்றையும் கணினி வழியே நிழற்படங்களின் நிறத்தைக் கூட்டிக் காண முடிந்ததே இதற்குக் காரணம். ஓவியங்களின் செந்நிறம் இரும்புச் சத்துமிக்க காவிக்கல்லினின்று பெறப்பட்டது. நம் கோயில் மதில்களில் வெண்மையோடு மாறிமாறித் தீட்டப்படும் காவிப் பட்டைக்கும் மரபு வழியில் மூலப்பொருள் அவ்வகை மண்ணே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வோவியங்களுட் பல தரையினின்று இருபது முப்பது அடி உயரத்தில் அமைந்திருப்பதால் ஓரளவு தப்பின. கைக்கு எட்டிய பாறைப் பகுதிகளோ தப்பவில்லை. வந்து சென்றவர்கள் தம் பெயரையும், தம் உள்ளங்கவர்ந்தவர் பெயரையும், வந்த ஆண்டையும் நிறத் தெளிப்பான் கொண்டு பெரிய எழுத்துகளில் எழுதிச் சென்றுள்ளனர். 1976ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் இத்தகைய இடங்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளன. ஆயினும் காவலற்ற குன்றின் அடியில் சட்டத்தின் குரல் மெல்லியதாகவே ஒலிக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. அன்று காவிக்கல் கொண்டு பாறையில் எழுதியவனும் எவரிடமும் அனுமதி பெற்றவன் அல்லன். இன்று தெளிப்பான் கொண்டு எழுதுபவனும் அவ்வாறே. முன்னவனைக் கலைஞன் என்றும் பின்னவனை நாசகாரன் என்றும் கூறுவது எந்த நியாயத்தால்? பழமை ஒன்றே கிறுக்கலைக் கலையாக்கிவிடுமா?

இவ்வினாவிற்கு இலங்கையின் சிகிரியாக் குன்று போன்று பொருத்தமான சான்று வேறில்லை. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை அமைத்த அக்குன்றில், பளபளக்கத் தேய்த்த 'கண்ணாடிச் சுவர்' ஒன்று உண்டு. அதன் மேற்புறத்துப் பெண் ஓவியங்களைக் காண வந்தவர்கள், பல நூற்றாண்டுகளாகத் தம் வியப்பைச் செய்யுளாக்கிச் சுவரில் கீறினர். அறிஞர் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்து 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பழஞ்சிங்கள இலக்கியத்திற்கு அவை ஒப்பற்ற கருவூலம். அதே சுவரில் 2015ஆம் ஆண்டில் தன் பெயரைக் கீறிய மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணொருத்திக்கு நீதிமன்றம் ஈராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சுற்றுலா வந்த ஏழைத் தொழிலாளி அவள். தண்டனை மிகையானது என்று பலரும் எடுத்துரைத்த பின்னர், குடியரசுத் தலைவரின் பொதுமன்னிப்பால் அவள் அவ்வாண்டிலேயே விடுதலையானாள்.

பெயரைக் கீறும் ஆசையில் நம் முன்னோரும் சளைத்தவர் அல்லர்! எகிப்து நாட்டு அரசர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைகளில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் சென்ற தமிழர் தம் பெயர்களைத் தமிழி எழுத்தில் பொறித்திருப்பதை அண்மையில் சார்லட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவுக் ஆகிய அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்களுள் 'சிகை கொற்றன்' என்பான் ஒரு கல்லறையோடு மனநிறைவு கொள்ளாது, ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தன் பெயரை எழுதி வைத்தான். தமிழர் கடல் கடந்து சென்றதற்கு இன்று அது மறுக்கவியலாச் சான்று. அன்று அக்கல்லறைக் காவலன் கண்டிருப்பின் அவனை மாலையிட்டு வரவேற்றிருக்க மாட்டான்.

ஆகவே, காலம் சில கிறுக்கல்களுக்கு மதிப்பேற்றுவது உண்மையே. ஆயினும் அம்மதிப்பு வரலாற்றாசிரியனுக்குக் கிடைக்கும் எதிர்பாராப் பரிசேயன்றி, எழுதியவன் முன்கூட்டிக் கோரத்தக்க உரிமை ஆகாது. எழுதப்பட்டதன் அழகைக் காட்டிலும், அதன் அடியில் என்ன மறைந்தது என்பதே முதலில் நோக்கற்பாலது. தம்புன் ஓவியன் வெற்றுப் பாறையில் எழுதினான். அன்றேல் தன் இனத்தார் எழுதியதன்மேல் எழுதினான். தெளிப்பான் ஏந்தியவனோ மீண்டும் பெறவியலாத ஒன்றின்மேல் எழுதுகிறான். அறியாமையும் இதற்குத் துணை செய்கிறது. பேராக்கின் லெங்கோங் வட்டாரத்துக் குவா பாடாக்கில் பூர்வகுடியினர் கரியால் வரைந்த உருவங்கள் உள. 1920களில் ஐவர் எவன்ஸ் அத்தகைய கரி ஓவியங்களைப் பதிவு செய்தார். அறியாதவர் கண்ணுக்கு அவை சிறுவர் கிறுக்கலாகவே தோன்றும்.

கலையுணர்வு மிக்கோரும் இப்பிழைக்கு விலக்கானவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப் பாதையில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்து கிடந்தன. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறியும் வரை உலகம் அறியாது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்து, இரண்டையும் காத்தனர். தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிற்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. திருப்பணி என்னும் பெயரால் மணலை வீசித் தூய்மை செய்யும் முறையில் பல கோயில்களின் கல்வெட்டெழுத்துகள் மழுங்கின. ஓவியங்கள் சுண்ணாம்பு பூசப்பட்டு மறைந்தன. பக்தியோடு செய்யினும் அழிவு அழிவே.

லகாட்டிற்கு அண்மையில், பத்து காஜா செல்லும் வழியில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை, 1926ஆம் ஆண்டில் லிஸ்பனில் அவர் இறந்ததனால் முற்றுப்பெறாது நின்றது. காடு மண்டிய அதன் சுவர்களில் வந்தோர் போவோர் எல்லாம் பெயர் கீறினர். அக்கட்டடத்திற்கு உழைத்த தமிழ்த் தொழிலாளருக்காக அவர் எழுப்பித்த மாரியம்மன் கோயில் அருகிலேயே உள்ளது. அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளுடை தரித்த துரையின் உருவமும் நிற்கிறது. நன்றி பாராட்டிய தொழிலாளர் பெயர்களோ எச்சுவரிலும் இல்லை.

ஈப்போ பழைய நகரில் 2014ஆம் ஆண்டில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் கட்டடச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள், அழைப்பின் பேரில் எழுந்தவை. காப்பிக் குவளையேந்திய முதியவரைக் காணத் தொலைவூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். வெயிலாலும் மழையாலும் அவற்றுட் சில மங்கி வருகின்றன. ஆயினும், வேண்டுமானால் அவற்றை மீண்டும் தீட்டலாம். ஓவியரும் உள்ளார், சுவரும் உள்ளது.

தம்புன் பாறையில் அதற்கு வழியில்லை. தெளிப்பான் வண்ணத்தைக் கரைக்கும் இரசாயனம் அதன் அடியிலுள்ள காவியையும் உடன் கரைத்துவிடக்கூடும். எனவே, அதனை எவரும் துணிந்து துடைக்க இயலாது. காவியுருவங்களைப் பொறுத்தவரை, எடுக்கப்பட்ட நிழற்படங்களே இப்போதைக்குக் கைவசமுள்ள காப்பு.