தாழ்த் துப்பாக்கியும் சென்னை மாகாணமும்

வில்லும் வேலும் குறித்துப் பழந்தமிழ்ப் பாடல்களின் துணைகொண்டு விரிவாக ஆராயும் நாம், துப்பாக்கியைப் பற்றிப் பேச நேருங்கால் அதனைப் பாளையக்காரர் போர்களோடு நிறுத்திவிடுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இந்நாட்டு மலைகளிலும் காடுகளிலும் வழங்கிய வேட்டைத் துப்பாக்கி, தமிழாய்வில் உரிய இடம் பெற்றிலது. அதனை உடைமையாகக் கொண்டோர் யாவர், எவ்வகையால் கொண்டனர், எதனை நோக்கி அதனை நன்றெனப் போற்றினர் என்னும் வினாக்கள் அரசியல் வரலாற்றோடும் இயற்கை வரலாற்றோடும் ஒருங்கே தொடர்புடையவை. இவற்றுள் ஒரு கூற்றினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சென்னை மாகாணத்து வேட்டைஞன் கையிலிருந்த துப்பாக்கியின் குழல்துளையை வேட்டை விலங்கின் அளவினும் ஆட்சியாளரின் அச்சமே பெரிதும் வரையறுத்தது என்பதே யாம் நிறுவக் கருதுவது.

சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்னும் சொல்லை வலிமை எனப் பொருள்படும் துப்பு என்னும் தமிழ்ச் சொல்லோடு இணைத்துக் காண்பது செவிக்கு இனியதே. ஆயினும் அது துருக்கி மொழியினின்று பிறந்து பிறமொழிகள் வாயிலாக இங்கு வந்த சொல் என்பதே பொருந்தும். தோட்டா, ரவை என்பனவும் உடன் வழங்கின. ஆனால் உறுப்புகளுக்குப் பெயரிடுங்கால் மக்கள் தம் சொற்களையே எடுத்தாண்டனர். வெடிமருந்து ‘மருந்து’ ஆயிற்று. விசை ‘குதிரை’ ஆயிற்று. குழலின் உட்புறத்தே திருகாக வெட்டப்பெற்ற புரிகளையுடைய துப்பாக்கி மட்டும் ‘ரைபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரோடே நிலைத்தது.

அந்த ரைபிளில் ஒருவகை ‘போல்ட் ஆக்ஷன்’ எனப்படும். ‘போல்ட்’ என்பது தாழ்ப்பாள். கதவின் தாழ்ப்பாளை மேலே திருப்பிப் பின்னிழுத்துத் திறப்பது போலவே இதன் பூட்டும் இயங்குதலின், இக்கட்டுரையில் இதனைத் தாழ்த் துப்பாக்கி என வழங்குவோம். கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுக்க, வெடித்த தோட்டாவின் கூடு வெளியே எறியப்படும்; முன்தள்ளித் தாழ்த்த, அறையிலுள்ள அடுத்த தோட்டா குழலினுள் ஏறிப் பூட்டப்படும்.

நன்மை எனப்பட்டது யாது?

பிரஷியப் படை டிரைசே என்பாரின் ஊசித் துப்பாக்கியை 1841ஆம் ஆண்டில் ஏற்றதனால் இவ்வமைப்புப் போர்க்களத்திற்கு வந்தது. அதனை முழுமையுறச் செய்தவர் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ப் நகரத்துப் பால் மௌசர். ஜெர்மானியப் படை 1898இல் மேற்கொண்ட அவரது அமைப்பே பின்னாளில் நல்ல வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் மூலமாயிற்று. அதன் சிறப்பு மூன்று கூறுகளில் அடங்கும். தாழின் முன்புறத்தே இரண்டு பற்களும், பின்புறத்தே காவலாக மூன்றாவது பல்லும் அமைந்து வெடிப்பின் விசையைத் தாங்குகின்றன. தோட்டா அறையினின்று எழும்போதே ஒரு நீண்ட நகம் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்வதால், பதற்றத்தில் தாழைப் பாதி இழுத்து மீளத் தள்ளினும் இரு தோட்டாக்கள் நெருக்குண்டு சிக்குவதில்லை. தோட்டாவின் பின்புறம் பிளந்தால் வெளிப்படும் ஆவி, சுடுவோன் முகத்தில் தாக்காதவாறு புறத்தே செல்லத் துளைகளும் உண்டு.

இக்கூறுகள் நம் நாட்டில் வெறும் நுணுக்கங்களாக நின்றில. அக்காலத்து ஆங்கிலத் தோட்டாக்களில் ‘கார்டைட்’ என்னும் புகையற்ற மருந்து நிரப்பப்பெற்றது. வெப்பம் மிக மிக அதன் அழுத்தமும் மிகும். குளிர்நாட்டில் எளிதாக வெளிவந்த தோட்டாக் கூடு சித்திரை வெயிலில் குழலினுள் இறுகி நிற்றல் கூடும். தாழைத் திருப்பும்போதே கூட்டைச் சற்றே நெகிழ்த்தி இழுக்கும் ஆற்றல் மௌசர் பூட்டுக்கு இருந்தமையின், வெப்பநாட்டு வேட்டைஞர் அதனை விரும்பினர். மேலும் அந்நாளைய தோட்டாக்களின் தீப்பொறிக் கலவை, சுட்டபின் உப்பு வகைப் படிவினைக் குழலினுள் விட்டுச் செல்லும். ஈரக் காற்றில் அப்படிவு விரைவில் துருவாகும். ஆதலின் சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெயிடுதல் கடமையாயிற்று. துப்பாக்கியின் உட்குழல் தூயதாக இருப்பது அதனைச் செய்தவர் திறத்தை மட்டுமன்றி, வைத்திருந்தவர் ஒழுக்கத்தையும் காட்டும். வால்நட் மரத்துப் பிடியில் இழைகள் முறியும் இடத்தில் குறுக்கிடாது நேரே ஓடுதல், விசை நடுங்காது ஒரே நிலையில் விடுபடுதல், தோளில் வைத்த அளவில் கண்ணும் குறியும் தாமே நேர்படுதல் ஆகியன பிற நலன்களாகக் கொள்ளப்பட்டன.

இலண்டன் ரிக்பி நிறுவனம் மௌசர் பூட்டுகளைப் பெற்றுத் தன் கைவினையால் வேட்டைத் துப்பாக்கிகளாக்கியது. ஹாலண்ட், ஜெப்ரி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் முதலிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், கடிகாரத்திற்கும் அணிகலனுக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் பெயரும், ஓக்ஸ் நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பெற்ற வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. நுண்பொறியைக் காக்கும் கடிகாரக் கடையும் துப்பாக்கி விற்றது என்பது, அக்கருவி எவ்வகைப் பொருளாக மதிக்கப்பெற்றது என்பதற்குச் சான்றாகும்.

சட்டம் துளையை அளந்தமை

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவு ஆட்சியாளரை விட்டு அகன்றிலது. லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் இயற்றப்பெற்ற படைக்கலச் சட்டம், இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் குற்றமாக்கியது, ஐரோப்பியர்க்கோ விலக்களித்தது. தமிழ்நாட்டின் அண்டையிலுள்ள குடகர்க்கு அளிக்கப்பெற்ற தனிவிலக்கு இன்றும் நீடிக்கின்றது.

உரிமம் பெற்றவர்க்கும் விரும்பிய துளை கிட்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியப் படையின் துப்பாக்கி .303 அங்குலத் துளையுடையது. அத்தோட்டா மக்கள் கைக்குச் செல்லின் களவுபோன படைத் துப்பாக்கிகளுக்கு உணவாகும் என்னும் அச்சத்தால், .303 துளை தனியார்க்கு மறுக்கப்பட்டது. இவ்வாறே பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு .450 அங்குலக் குண்டு பயன்படும் என்பது கருதி, 1907இல் .450 துளையும் தடை செய்யப்பெற்றது. யானைக்கும் காட்டெருதுக்கும் ஏற்றதென வேட்டைஞர் போற்றிய துளை அது. இத்தடையின் விளைவாகவே ஆங்கிலத் துப்பாக்கி வினைஞர் .465, .470, .475 என்னும் புதிய துளைகளை வகுத்தனர். உலகெங்கும் பின்னர்ப் புகழ்பெற்ற இவ்வளவுகள் விலங்கின் வலிமையை அளந்து பிறந்தவை அல்ல. ஓர் அரசின் ஐயத்தை அளந்து பிறந்தவை.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது .315 துளைத் தாழ்த் துப்பாக்கியாகும். பர்மிங்காமில் உள்ள பி.எஸ்.ஏ. நிறுவனமும், பின்னர் வங்காளத்து இஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையும் இதனைச் செய்தன. இதன் தாழும் பூட்டும் பிரிட்டிஷ் படைவீரன் ஏந்திய லீ-என்பீல்டு மரபினவே. தோட்டா மட்டும் ஆஸ்திரிய-அங்கேரியப் படையின் பழைய மன்லிக்கர் தோட்டாவை அடியொற்றியது. படைவீரனின் பூட்டைக் குடிமகனுக்கு நல்கலாம். படைவீரனின் தோட்டாவை நல்கலாகாது என்பதே கொள்கை. ஆங்கில அரசின் கீழ் வாழ்ந்த தமிழன் மானுக்குக் குறிவைத்த தோட்டா வியன்னா நகரத்துப் படைத்துறையில் தோன்றியமைக்குக் காரணம் இதுவேயன்றிப் பிறிதில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும் .303 விலக்கப்பெற்ற துளையாகவே நீடித்தது; .315 இஷாப்பூரில் தொடர்ந்து செய்யப்பெற்றது. ஆட்சி மாறினும் அச்சத்தின் அளவுகோல் மாறிலது.

மயிலாப்பூரும் மானமும்

துப்பாக்கி உடைமை வேட்டை விருப்பம் மட்டும் பற்றிய செய்தியன்று. அடையாற்றில் 1884 டிசம்பரில் கூடிய பிரம்மஞான சபை மாநாட்டிற்குப் பின்னர், மயிலாப்பூரில் திவான் பகதூர் இரகுநாதராவ் இல்லத்தில் பதினேழு பேர் கூடி நாடளாவிய அரசியல் இயக்கம் பற்றி ஆராய்ந்தனர் என அன்னி பெசன்ட் அம்மையார் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டே காங்கிரசு தோன்றிற்று. அதன் மூன்றாம் மாநாடு 1887இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் நடைபெற்றது. படைக்கலச் சட்டம் இந்நாட்டு மக்கள்மீது தகாத பழியைச் சுமத்துகின்றது என்றும், அதனைத் திருத்தல் வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானித்தது. இளைஞராயிருந்த விபின் சந்திர பாலர் அச்சட்டத்தை எதிர்த்து முழங்கியதும் அம்மேடையிலேயே.

அத்தீர்மானத்தை நிறைவேற்றியோர் பெரும்பாலும் வழக்கறிஞரும் ஆசிரியரும் இதழாளருமாவர். அவருட் பலர்க்குத் துப்பாக்கி பிடித்துப் பழக்கமே இருந்திராது. எனினும் நம்பத் தகாதவர் எனத் தம்மை அரசு கருதியதே அவர்க்கு நோவாயிற்று. இனம் பற்றிய வேற்றுமை 1920ஆம் ஆண்டு விதிகளால் நீங்கியது, உரிமம் நீங்கவில்லை. 1931இல் கராச்சி மாநாடு அடிப்படை உரிமைகளை வகுத்தபோது, ஒழுங்குமுறைகளுக்குட்பட்டுப் படைக்கலம் வைத்திருத்தலையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. விடுதலைக்குப்பின் அரசியலமைப்பில் அவ்வுரிமை இடம்பெற்றிலது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியதாயினும் உரிமமுறையைத் தொடர்ந்தது.

அருமையாகக் கிடைக்கும் பொருள் ஆழமாகப் போற்றப்படும். பல துப்பாக்கிகளை வைத்து மாற்றி மாற்றிச் சுட இயன்றவர் அரசரும் உயர் அலுவலருமே. ஏனையோர் உரிமத்திற்குக் காத்திருந்து ஒன்றைப் பெற்று, அதனையே வாழ்நாள் முழுதும் பேணினர். ஆதலின் ‘நல்ல துப்பாக்கி’ என்னும் மதிப்பீடு இங்கு ஆடம்பரத்தின்பாற் பட்டதன்று. ஒன்றே கிடைக்கும் என்றறிந்தவன் செய்த தேர்வின்பாற் பட்டது.

வரையாடும் வரையறையும்

நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் வரையாடு, சங்கப் புலவர் வருடை எனச் சுட்டிய விலங்காகும். பாறை விளிம்பில் நிற்கும் அதனைத் தொலைவினின்று ஒரே குண்டில் வீழ்த்துதல் வேண்டும். காயத்தோடு ஓடின் பள்ளத்தில் விழுந்து எவர்க்கும் பயனின்றி அழியும். நேராகவும் விரைந்தும் செல்லும் சிறுதுளைக் குண்டினையுடைய தாழ்த் துப்பாக்கி இவ்வேட்டைக்கு மிகப் பொருந்தியது. எனினும் தொலைவினின்று கொல்லும் கருவியின் பெருக்கம் விலங்கினத்தின் குறைவிற்கும் வழிவகுத்தது. 1879ஆம் ஆண்டிலேயே நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றமை, ஆபத்து முன்னரே உணரப்பட்டமையைக் காட்டும். வேட்டைக்குரிய பருவமும் அளவும் வரையறுக்கப்பெற்றன. அது பெரிதும் வேட்டையாடுவோர் தம் வேட்டையைக் காக்கச் செய்த முயற்சி என்பதும், அம்மலைகளின் பழங்குடியினர் உரிமையை அது கருதிற்றில்லை என்பதும் மறைக்கத் தக்கன அல்ல.

ஆயினும் ஒரே குண்டு என்னும் ஒழுக்கத்தில் பயின்றவருட் சிலர், குண்டே வேண்டா என்னும் நிலைக்கு வந்தனர். குன்னூர் வழக்கறிஞர் இ. ஆர். சி. தாவீதார் வேட்டையைக் கைவிட்டு, 1963இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாரும் மயிலாப்பூரில் வாழ்ந்தவருமாகிய மா. கிருஷ்ணன், காற்றின் திசையறிந்து ஒளிந்து நெருங்கும் அதே பொறுமையோடு ஒளிப்படக் கருவியை ஏந்திக் காடுகளில் உலவினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களுக்கு இடமில்லாதாக்கிய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அம்மனமாற்றத்திற்குச் சட்ட வடிவம் தந்தன. அது நன்றே என்பதில் எமக்கு ஐயமில்லை.

எஞ்சிய கடமை

வேட்டை ஒழிந்தது, கருவிகள் எஞ்சின. அவையும் இப்போது மறைந்துவருகின்றன. ஒருவர் வைத்திருக்கத் தக்க துப்பாக்கிகள் மூன்று என 1983ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. பாட்டனார் விட்டுச்சென்ற பழைய துப்பாக்கியே பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது. அது உரிமம் புதுப்பிக்கப்பெறாது ஒப்படைக்கப்பட்டு, துருவேறி, இறுதியில் அழிக்கப்படுதல் கூடும். படைக்கலங்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கருதும் சட்டத்தை யாம் குறைகூறவில்லை. அழிவதற்குமுன் அவற்றைப் படித்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

படித்தல் என்பது ஈண்டு உவமையன்று. ஒவ்வொரு நல்ல துப்பாக்கியும் தன்னகத்தே எழுத்துடையது. செய்தவர் பெயர், விற்றவர் ஊர், வரிசை எண், துளையளவு, சோதனை முத்திரை ஆகியன எஃகில் பொறிக்கப்பெற்றிருக்கும். வரிசை எண்ணைக்கொண்டு இலண்டன் நிறுவனங்களின் பழங்கணக்கேடுகளில் முதலில் வாங்கியவர் பெயரையும் ஆண்டையும் அறிதல் இயலும். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பித் துப்பாக்கியின் பிடியில், 1907இல் சம்பாவத்துப் பெண்புலியைக் கொன்றமைக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹ்யூவெட் வழங்கியது என்னும் செய்தி வெள்ளித் தகட்டில் உள்ளது. கொடுத்தவர், கொண்டவர், காரணம் என்னும் மூன்றும் அமைந்த அது, நம் செப்பேட்டு முறையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. 2015இல் அத்துப்பாக்கியை ரிக்பி நிறுவனமே விலைகொடுத்து மீட்டுக் காக்கின்றது. தமிழ்நாட்டில் எஞ்சியவற்றுக்கு அத்தகைய காவலர் இலர்.

ஆதலின், உரிமத்தோடு வைத்திருப்போர் இசைவு பெற்று இப்பொறிப்புகளைப் படியெடுத்தலும், ஆவணக் காப்பகத்துப் படைக்கல உரிமக் கோப்புகளோடு அவற்றை ஒப்பிடுதலும், மூத்தோர் வாயிலாக வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்தலும் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். குழல்துளையின் அளவு ஒரு நூற்றாண்டின் அரசியலை உரைக்கும். உட்குழலின் தூய்மை ஒரு மனிதனின் ஒழுக்கத்தை உரைக்கும். இவ்விரு சான்றுகளும் உலைக்களம் புகுமுன் தொகுக்கப்பெறின், தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் எழுதப்படாதிருக்கும் ஓர் இயல் எழுதப்பெறும்.