கட்டாயத்தில் குவியும் கை



"குடிகாரனைத் திருத்தச் சட்டம் போதும், பிடிச்சு இழுத்துட்டுப் போய் உட்கார வைங்க" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். உட்கார வைக்கலாம் ஐயா. எங்கே உட்கார வைக்கிறீங்க? அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது.

1935-ல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் கெட்டவர்கள். ஒருவர் கதையை ஒருவர் கேட்டே மீண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1939-ல் அவர்கள் போட்ட புத்தகத்தில் 12 படிகள். அவற்றில் 6 படிகளில் கடவுளோ, நம்மை மிஞ்சிய ஒரு சக்தியோ வருகிறது. தப்பே இல்லை. அங்கே விரும்பிப் போய் மீண்டவர்கள் ஏராளம். அந்த அமைப்பை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வம்பு எங்கே வந்தது? அரசாங்கம் நடுவிலே நுழைந்தபோது! போதையில் கார் ஓட்டினாயா, அந்தக் கூட்டத்துக்குப் போ. சிறையில் சலுகை வேணுமா, அந்தக் கூட்டத்துக்குப் போ. ஆனால் அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-லேயே சொல்லிவிட்டதே!

நியூயார்க் சிறையில் ஒரு கைதி. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். குடும்பத்தோடு சேர்ந்து தங்கும் சலுகை வேண்டுமென்றால் அந்தப் படிகளை ஏறியாக வேண்டும் என்றார்கள். பாருங்க, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க ஆண்டவனிடம் சிபாரிசுக் கடிதம்! (சிரிப்பு) 1996-ல் மாநிலத்தின் உச்ச அப்பீல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு விஸ்கான்சின் கைதி ஒருவர் வழக்கில் கூட்டாட்சி அப்பீல் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது.

நாத்திகருக்கு மட்டும்தானா இந்தச் சிக்கல்? ஹவாயில் ஒரு பௌத்தர் மாட்டேன் என்றார். அதையும் ஒரு காரணமாக்கிப் பரோலை ரத்து செய்தார்கள். 2007-ல் நீதிமன்றம் கேட்டது: சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, தெரியாது என்று அதிகாரி தப்ப முடியுமா?

"உயிர் போகிற நேரத்தில் கொள்கை என்னய்யா கொள்கை?" என்று கேட்பார் எதிரணித் தலைவர். நியாயமான கேள்வி. தாலியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற பெண்ணின் கேள்வி அது. ஆனால் சிகிச்சையை நிறுத்தச் சொல்லி எந்த நீதிபதியும் எழுதவில்லை. மதம் கலக்காத இன்னொரு வழியையும் பக்கத்தில் வையுங்கள் என்றுதான் எழுதினார்கள். 'ஸ்மார்ட் ரிகவரி' போன்ற அமைப்புகள் 1990-களிலேயே வந்துவிட்டனவே!

இன்னொன்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான்: குடியை விடவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை எந்தக் கோர்ட்டு அமீனா கொண்டுவந்து ஜப்தி செய்து கொடுப்பார்? (கைதட்டல்)

தானாகக் கனியாததைத் தடியால் அடித்தால் கனியுமா? குடி ஒரு மனிதனிடமிருந்து முதலில் பிடுங்கியது அவனுடைய சொந்த விருப்பத்தை. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மருந்து. மிச்சம் மீதியையும் அரசாங்கம் பிடுங்கலாமா? தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!