வீட்டுக் காப்பீடு (வீடு வாங்குகையில்)

தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்ய, பிரீமியம் பெற்றுக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் செய்துகொள்ளும் ஒப்பந்தம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூர் போன்ற காவிரி டெல்டா ஊர்களில் வீடு வாங்குவோருக்கு இது முக்கியமான ஆவணம்.

வரலாறு

1666இல் லண்டனில் மூண்ட பெருந்தீக்குப் பின் கட்டடத் தீக்காப்பீடு தொழிலாக வளர்ந்தது. இந்தியாவின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனமான டிரைட்டன் 1850இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. பொதுக் காப்பீட்டின் எல்லா வகைகளையும் ஏற்று நடத்திய முதல் இந்திய நிறுவனம், 1907இல் தோன்றிய இந்தியன் மெர்க்கண்டைல். 1938இல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை.

சட்ட நிலை

வீடு கைமாறும்போது இழப்பு யாரைச் சேரும் என்பதற்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே அடிப்படை. கிரய ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டால் சொத்தில் உரிமை பிறக்காது (பிரிவு 54). உரிமை கைமாறியபின் வீடு அழிந்தால் இழப்பு வாங்கியவரைச் சேரும் (பிரிவு 55). விற்றவரின் பாலிசிப்படி அவர் கைக்கு வரும் பணத்தைக் கொண்டு வீட்டைச் சீர்செய்யும்படி வாங்கியவர் கேட்கலாம் (பிரிவு 49). ஆனால் இப்பிரிவு தீயை மட்டுமே குறிப்பிடுகிறது. 1952, 1977 புயல்களையும் 2018 நவம்பர் 16இல் கரைகடந்த கஜாவையும் கண்ட இவ்வட்டாரத்துக்கு அது போதாது. பிரீமியம் செலுத்தாமல் காப்பு தொடங்காது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. ஆகவே பத்திரப் பதிவு நாளிலிருந்தே காப்பு நடப்புக்கு வருமாறு வாங்குபவர் தம் பெயரில் பாலிசி எடுப்பதே முறை.

வகைகள்

கட்டடக் காப்பீடு, வீட்டுப் பொருள் காப்பீடு, இரண்டும் சேர்ந்தது என மூவகை. கடன் பெற்றவர் இறந்தால் வீட்டுக் கடனை அடைக்கும் பாலிசி ஆயுள் காப்பீட்டின்பாற்படும். ஓடு பறந்தாலோ சுவர் இடிந்தாலோ அது உதவாது.

காப்பீட்டுத் தொகை என்பது வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவு. மனை விலை அதில் சேராது. பரப்பளவைச் சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்கி இதைக் கணிப்பர். கோயில் அடிமனையில் வீடு வைத்திருப்பவருக்கும் கட்டடம் சொந்தமாதலால், அதைக் காப்பீடு செய்யும் நலன் அவருக்கு உண்டு.

வங்கிக் கடன்

பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் பெற்றால் பாலிசியில் வங்கியின் பெயரும் சேர்க்கப்படும். இழப்பீடு முதலில் வங்கிக்குச் செல்லும். வங்கி சுட்டும் நிறுவனத்திடமேதான் பாலிசி எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தற்போதைய நிலை

2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிரஹ ரக்ஷா என்னும் பொதுவான பாலிசி நடப்பில் உள்ளது. இதில் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, உச்சமாக 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களும் காப்புப் பெறுகின்றன.