இரணைமடுத் தண்ணீரும் பூநகரி மழையும்

கிளிநொச்சி மாவட்டத்தில் நெல் இரண்டு விதமாக விளைகிறது. இரணைமடுக் குளத்தின் துருசு திறந்து வாய்க்கால் வழி வரும் தண்ணீரில் விளைவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பிப் பூநகரிப் பக்கம் விளைவது மற்றது. போருக்குப் பிறகு உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் உலகம் இங்கே கொண்டுவந்த உதவியை மதிப்பிட வேண்டுமானால், இந்த இரண்டு வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மன்னார்–பூநகரி வீதியில் இருக்கும் ஜெயபுரம் அதற்கு நல்ல இடம். பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அடங்கும் ஊர் அது. இரணைமடு வாய்க்கால் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. பிறகும் பலமுறை கட்டை உயர்த்தினார்கள். அதன் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் உருத்திரபுரம், பரந்தன், முரசுமோட்டை, ஊரியான் என்று காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் நனைக்கின்றன. போர் முடிந்தபோது கட்டும் வாய்க்காலும் சிதைந்து கிடந்தன. ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட இஃபாட், அதாவது விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம், புனரமைப்புக்குக் கடன் கொடுத்தது. 1974இல் கூடிய உலக உணவு மாநாட்டின் பின், 1977இல் பிறந்த நிறுவனம் அது. சிறு கமக்காரருக்காகவே ஏற்பட்டது. வாய்க்கால்களுக்குக் கொங்கிரீற் போட்டார்கள். கட்டும் பலப்பட்டது, கொள்ளளவும் கூடியது.

இந்த உதவி வீண்போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைமடை வயலுக்கும் தண்ணீர் போகிறதென்றால் அது எத்தனை வீட்டின் அடுப்போடு சேர்ந்த விஷயம் என்று வன்னியில் இருப்பவருக்குத் தெரியும். ஆனால் பெரிய குளத்தோடு பெரிய சிக்கல்களும் சேர்ந்தே வரும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் எல்லோருக்கும் போதாது. ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் சூடு பறப்பதில் வியப்பில்லை. இதே குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் எடுக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு ஒரு திட்டம் வந்தபோது கமக்காரர் எதிர்த்து நின்றார்கள். ஒரு சர்வதேச நிறுவனத்தின் கடன் வயலுக்குக் கொண்டுபோன தண்ணீரை இன்னொரு சர்வதேச நிறுவனத்தின் திட்டம் குழாய்க்குக் கேட்டது. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. யாழ்ப்பாணத்தின் தாகமும் உண்மை, கிளிநொச்சியின் பயமும் உண்மை. இரண்டையும் முதலிலேயே ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தால் வருடக்கணக்கான மனக்கசப்பைத் தவிர்த்திருக்கலாம்.

2018 டிசம்பரை மறக்க முடியாது. புனரமைத்த குளம் நிரம்பி வழிந்த அதே மாதத்தில் கனமழை கொட்டியது. வான்கதவுகள் திறக்கப்பட, கீழே ஊர்கள் மூழ்கின. கதவு எப்போது திறக்க வேண்டும், யார் சொல்ல வேண்டும் என்பது அதன்பின் விசாரணைக்குரிய விஷயமாயிற்று. கட்டுக்கு எவ்வளவு கவனம் கொடுத்தார்களோ அவ்வளவு கவனம் கட்டை நடத்தும் முறைக்கும் வேண்டியிருந்தது.

இனி மழை வயல். பூநகரியின் மண் மணல் கலந்தது. கடலும் களப்பும் பக்கம். ஆவணி, புரட்டாதியில் மண் காய்ந்து கிடக்கும்போதே உழுது, புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். விதை மண்ணுக்குள் மழைக்குக் காத்துக் கிடக்கும். முதல் மழை முளைப்பதற்குப் போதுமாக இருந்துவிட்டு அடுத்தது பிந்தினால் முளை கருகும். மறுவிதைப்புக்கு விதை வேண்டும். மழை கூடினால் வெள்ளம், குறைந்தால் உவர் மேலே ஏறும். இந்த நிலத்துக்கென்றே பழகிய நெல் மொட்டைக்கறுப்பன். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். கறுத்த உமிக்குள் சிவந்த அரிசி. அதை இடித்த மாவில் அவித்த பிட்டு, அதன் குறுநொய்க் கஞ்சி என்றால் யாழ்ப்பாணத்தார் தேடி வாங்குவார்கள். புதிய மூன்று, மூன்றரை மாத நெல்லோடு ஒப்பிட்டால் ஏக்கருக்கு விளைச்சல் குறைவுதான். ஆனால் உவரைத் தாங்கும். குறைந்த பசளையிலும் நிற்கும்.

இந்த வயலுக்கு உலகம் என்ன கொடுத்தது? மீள்குடியேற்றத்தின்போது உலக உணவுத் திட்டத்தின் உலருணவு வந்தது. அது இல்லாமல் முதல் போகத்தைத் தாண்டியிருக்க முடியாது. இந்தியா 2010இல் வடக்குக்கு 500 உழவு இயந்திரங்களைக் கொடுத்தது. விதைநெல்லும் மண்வெட்டியும் வந்தன. இவையெல்லாம் எழுந்து நிற்கக் கொடுத்த கை. இரணைமடுவுக்கு நடந்ததுபோல, மழை வயலின் அடிப்படையையே மாற்றும் முதலீடு பூநகரிக்கு அந்த அளவில் வரவில்லை. காரணம் விளங்காததல்ல. குளத்துக்குக் கொள்ளளவு உண்டு, பாசனப் பரப்பு உண்டு; கடன் அறிக்கையில் எழுதத் தொகை உண்டு. மழையை நம்பிய வயலில் ஒரு வருடம் தப்பிப் பிழைத்ததை எந்த நிரலில் எழுதுவது?

விதைக்கும் ஒரு சர்வதேச உதவி உண்டு. கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் 1980களின் பிற்பகுதியில் யப்பானிய உதவியோடு எழுந்தது. பழைய நெல்லினங்கள் அங்கே குளிர் அறையில் பத்திரமாக இருக்கின்றன. போரில் ஊரோடு விதையும் இடம்பெயர்ந்த நாட்டுக்கு அப்படியொரு காப்பிடம் கட்டாயம் வேண்டும். ஆனாலும் குளிர் அறையில் இருக்கும் விதை உவரோடு பழகுவதில்லை. 2008 நவம்பரில் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போகுமுன்பே சனம் கிழக்கே நகர்ந்துவிட்டது. பல போகம் விதைப்பில்லாமல் போயிற்று. அதன் பின்னும் மொட்டைக்கறுப்பன் வயலில் நிற்கிறதென்றால் அந்தப் பெருமை அதை விடாமல் விதைத்த கமக்காரருக்கே உரியது.

இரண்டு வயலையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது 2021. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் காலபோகத்துக்கு நேரம் கடந்துவிட்டது. கூடிய விளைச்சலுக்கென்று யூரியாவைக் கேட்டு வளரும் புதிய நெல்தான் வாய்க்கால் வயலில் நின்றது. தண்ணீர் இருந்தும் கதிர் பால் பிடிக்கவில்லை என்ற பேச்சு எங்கும். மொட்டைக்கறுப்பன் உயர்ந்து வளர்வது. யூரியா கூடினால் சாய்ந்துவிடும். ஆகவே பசளைத் தட்டுப்பாட்டின் அடி அதன்மேல் குறைவாகவே விழக்கூடியது. 2022 செப்டெம்பரில் நாடு முழுவதும் 63 இலட்சம் பேர் உணவுக்குத் தவிப்பதாக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து சொல்லின. பிறகு அமெரிக்காவின் யூஎஸ்எயிட் நிதியில், உணவு விவசாய நிறுவனத்தின் மூலம் 36,000 தொன் ரி.எஸ்.பி. அடிப்பசளை வந்து கமநல சேவை நிலையங்களில் இலவசமாகக் கொடுபட்டது. நேரத்துக்கு வந்த உதவி அது. ஆனால் அந்த யூஎஸ்எயிட்டே 2025இல் மூடப்பட்டுவிட்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் பரந்தன் வயலின் அடிப்பசளைக்கு வழி அடைபடும் என்ற நிலையில் ஒரு மாவட்டத்தின் சோறு இருக்கக் கூடாது.

எந்த உதவிக்கும் முன்னால் காணிக் கேள்வி நிற்கிறது. முதலில் சொன்ன ஜெயபுரத்தில் இருப்பவர்களில் பலர் 1983 வன்செயலுக்குப் பின் குடியேறிய மலையகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மேட்டுநிலத்தில் கச்சானும் உழுந்தும் போடலாம். சோற்றுக்கு நெல் வேண்டுமானால் வயற்காணி வேண்டும். போர்க்காலத்தில் விதைக்காமல் விட்ட வயலில் காடு ஏறி, அந்தக் காட்டைச் சுற்றி வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் விழுந்த கதை வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. கடனோ பசளையோ விதையோ எதுவானாலும் காணிப் பத்திரம் கையில் உள்ளவரையே முதலில் சேருகிறது. கமக்காரர் அமைப்பில் பெயர் இல்லாதவருக்குப் பசளைப் பட்டியலிலும் பெயர் இருக்காது.

ஆகவே அடுத்த நிதி வரும்போது பூநகரிப் பிரிவைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கைவிடப்பட்ட சிறுகுளங்களைத் தூர்வாரி மழைநீரைப் பிடித்துவைத்தால், மழை பிந்தும் இரண்டு கிழமையைத் தாண்டலாம். களப்போரத்தில் உவர்த் தடுப்பணை வேண்டும். மொட்டைக்கறுப்பனை ஊரிலேயே புழுக்கிக் குற்றிப் பொதிசெய்ய ஓர் ஆலை இருந்தால், குறைந்த விளைச்சலை நல்ல விலை ஈடுசெய்யும். மறுவிதைப்புக்கென்று ஊர் விதைக் களஞ்சியமும் வேண்டும். இரணைமடுவுக்குச் செலவானதில் சிறு பங்கே இதற்குப் போதும். காணி அப்படியல்ல. எந்த வெளிநாட்டு நிதியாலும் அதை வாங்கித் தர முடியாது; கொழும்பும் மாவட்டச் செயலகமும் வனவளத் திணைக்களமும் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை அது. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை நிபந்தனையாக எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை ஜெயபுரத்துக்கு உண்டு.